வழித்துணையும் வாய்மையும்

வாய்மை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழர் நெஞ்சில் எழுகின்ற உருவம் அரிச்சந்திரனுடையது. நாட்டைத் துறந்தான், மனைவியையும் மைந்தனையும் பிரிந்தான், சுடலை காக்கும் தொழிலையும் ஏற்றான், ஆயினும் சொன்ன சொல்லினின்று அவன் பிறழவில்லை. அவன் கதையின் மயான காண்டத்தை விடிய விடியக் கூத்தாக ஆடக் கண்டு கண்ணீர் உகுத்தவர்கள் நம் பாட்டன்மார். நம்மவர் சுடுகாடுகள் பலவற்றின் முகப்பில் அவனுக்கென ஒரு கல்லோ சிறு கோயிலோ உண்டு. பாடையை அங்கே இறக்கி வைத்து, அவனிடம் விடைபெற்ற பின்னரே உள்ளே கொண்டு செல்வர். காந்தியடிகள் சிறு பருவத்தில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு, எல்லாரும் ஏன் அவனைப்போல் மெய்யராக இருத்தல் கூடாது என்று ஏங்கியதைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். நாம் வாழும் இம்மும்பை மாநகருக்கும் அவன் அயலானல்லன். தாதாசாகிப் பால்கே எடுத்த 'ராஜா அரிச்சந்திரா' என்னும் முதல் இந்தியக் கதைப்படம் 1913 ஆம் ஆண்டு மே 3 ஆம் நாள் கிர்காமிலிருந்த கொரோனேஷன் அரங்கிலேயே பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது.

ஆனால் அரிச்சந்திரனுடைய வாய்மை பேரரசனுடைய வாய்மை. கொடுத்த வாக்கைக் காப்பது அது. நம்மைப் போன்ற எளிய மாந்தர்க்கு அரசைத் தானம் செய்யும் வாய்ப்பும் இல்லை. முனிவர் வந்து சோதிக்கும் பேறும் இல்லை. நமக்கு வாய்ப்பது வேறொரு வாய்மை. "என்னால் இயலவில்லை" என்று உடன் வருவோரிடம் உரிய பொழுதில் உரைக்கும் வாய்மை அது. பார்க்கச் சிறியது, சொல்லப் புகுந்தால் நாவில் எழாதது. வாக்குத் தவறாத நல்லோர் பலர் இந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டாமல் மழுப்புவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். தன் தளர்ச்சியை வெளியிடுவது ஒருவனுடைய கடமையா? அன்றி, அவன் வாய் திறவாமலே அறிந்துகொள்வது உடன் வருவோரின் கடமையா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா எங்களிடையே எழுந்த இடம் அந்த மன்னனுடைய பெயரையே தாங்கிய மலை என்பது ஒரு பொருத்தம். மகாராட்டிரத்தில் அகில்யாநகர் என இன்று வழங்கும் அகமதுநகர் மாவட்டத்தில், அகோலா வட்டத்தில், சகியாத்திரித் தொடர்மேல் நிற்பது அரிச்சந்திரகட் என்னும் மலைக்கோட்டை. அதன் மூன்று சிகரங்களுக்கும் அரிச்சந்திரன், தாராமதி, ரோகிதாசன் என்பன பெயர்கள். நாம் சந்திரமதி என்றும் லோகிதாசன் என்றும் அழைப்போரை இந்நாட்டார் தாராமதி என்றும் ரோகிதாசன் என்றும் அழைக்கின்றனர். தாராமதிச் சிகரம் 1,400 மீட்டருக்கும் சற்று மேற்பட்ட உயரமுடையது. சிகரங்களுக்குக் கீழே பரந்து கிடக்கும் மேட்டுநிலத்தில் பழைய கற்றளி ஒன்று அரிச்சந்திரேசுவரர் பெயரால் விளங்குகிறது. அதன் அருகே கேதாரேசுவரர் குகை. பெரிய இலிங்கம் ஒன்று குளிர்ந்த நீரின் நடுவே நிற்கிறது. அதைச் சூழ இருந்த நான்கு தூண்களில் முழுமையாக நிற்பது ஒன்றே. நான்கு தூண்களும் நான்கு யுகங்கள் என்றும், எஞ்சிய தூணும் வீழும் நாளில் உலகம் முடியும் என்றும் அவ்வூரார் கூறுவர். மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்பு கொங்கண் கடா என்னும் பெருஞ்செங்குத்து. உட்புறமாக வளைந்து, பாம்பு படம் எடுத்தாற்போலக் கொங்கண நாட்டை நோக்கிக் கவிந்து நிற்பது அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடுமுறையில் நாங்கள் ஐவர் அங்குச் சென்றோம். மாதுங்காவிலிருந்து இருவர், செம்பூரிலிருந்து இருவர், தாராவியிலிருந்து ஒருவர். தாராவிக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர், அறுபதை நெருங்கியவர், எங்கள் எல்லார்க்கும் அண்ணாச்சி. கசாரா வரை மின்ரயிலிலும், அப்பால் வாடகை ஜீப்பிலும் சென்று, பாச்சனை என்னும் சிற்றூரிலிருந்து மலையேறினோம். அவ்வூர் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். நண்பகல் கடந்து மேட்டுநிலத்தை அடைந்து, கோயிலுக்குச் சற்று அப்பால் கூடாரம் அமைத்தோம். ஊரார் சமைத்தளித்த பாக்ரியையும் பிட்லயையும் உண்டு இளைப்பாறிய பின், நான்கு மணியளவில் தாராமதிச் சிகரத்தை நோக்கி மாலைநடை புறப்பட்டோம். சிகரத்தில் நின்று கதிரவன் மறைவதைக் காண்பது, பின்னர் டார்ச் வெளிச்சத்தில் இறங்கிக் கூடாரம் சேர்வது என்பது திட்டம்.

வழி நெடுகக் கார்வி என்னும் புதர் அடர்ந்திருந்தது. நம் குறிஞ்சிச் செடியின் இனத்தைச் சேர்ந்தது அது. நீலக்குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூப்பதுபோல, இது ஏறத்தாழ ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். பாதி வழி ஏறியிருப்போம். அண்ணாச்சி ஒரு பாறைமேல் அமர்ந்தார். முகத்தில் வருத்தமும் இல்லை, நாணமும் இல்லை.

"தம்பி, எனக்கு இதுக்கு மேல முடியல. ஏறிரலாம், எறங்க முட்டு கேக்காது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

"இன்னும் அரை மணி நேரம்தானே அண்ணாச்சி, மெதுவா வாங்க" என்றார் செம்பூர் இளைஞர்.

"அரை மணி ஏற. எறங்க இருட்டுல ஒன்றரை மணி ஆகும். நீங்கதான் என்னைத் தூக்கணும்" என்று அண்ணாச்சி சிரித்தார்.

அவரை அங்கேயே அமர்த்திவிட்டுச் சென்று திரும்பலாமா, வழிகாட்டியோடு அவரை அனுப்பிவிட்டு மற்றவர் ஏறலாமா என்றெல்லாம் பேச்சு எழுந்தது. வழிகாட்டி இளைஞர் மராட்டியில் சுருக்கமாகக் கூறினார்: வழி தெரிந்தவன் நான் ஒருவன், பொழுது சாயும் நேரத்தில் கூட்டத்தை இரண்டாக்க மாட்டேன், ஏறினால் எல்லாரும், இறங்கினால் எல்லாரும். எல்லாரும் இறங்கினோம். கதிரவன் எங்கள் கண்ணுக்குப் படாமல் ஒரு முகட்டின் பின்னே மறைந்தது. கூடாரத்தை அடைந்தபோது வானத்தில் மங்கிய செம்மை மட்டும் எஞ்சியிருந்தது. விடுப்புக்கு அலைந்து, பணம் சேர்த்து, அந்த ஒரு காட்சிக்காகவே வந்த செம்பூர் இளைஞர் நெடுநேரம் பேசவில்லை.

அவருடைய மௌனத்தை எளிதாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஒருவர் இயலாமைக்காக நால்வர் இன்பத்தை இழப்பது முறையா என்பது பொருளற்ற கேள்வியன்று. கணக்குப் பார்த்தால் நான்கு ஒன்றினும் பெரிது. ஆனால் உடன்நடை என்பது கணக்கன்று. ஐவர் சேர்ந்து புறப்படும்போது, ஐந்து தனிநடைகள் அருகருகே நிகழவில்லை. ஒரே நடை நிகழ்கிறது. அந்நடையின் வேகத்தை வலிமை மிக்கவன் வகுப்பானாயின், எஞ்சியோர் அவனுடைய துணைவராகார். அவன் பின்னே இழுபடுவோராவர். சிகரம் நாளையும் இருக்கும். காட்சியை இழந்தவன் மீண்டும் வரலாம். இருளில் கால் இடறியவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே இழப்புகள் இரண்டும் ஒரே தட்டில் நிறுக்கத் தக்கன அல்ல.

அன்றிரவு, அண்ணாச்சியிடம் மாதுங்கா நண்பர் கேட்டார்: எவரும் சொல்லக் கூசுவதை எவ்வாறு எளிதாகச் சொன்னீர்கள் என்று. அவர் கூறியதன் சாரம் இது. அவர் இளமையில் தாராவிக்கு வந்தபோது ஒரே அறையில் எண்மர் தங்கியிருந்தனர். தோல் பட்டறையில் வேலை. பகல்முறைக்காரர் எழுந்த பாயில் இரவுமுறைக்காரர் படுப்பர். அவர்களுள் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும். உடனிருப்போர் வேலையை விட்டுத் தம்மைக் கவனிக்க நேரும். ஊரில் தங்கை திருமணம் நெருங்கியிருந்தது. ஆதலால் அவர் எவரிடமும் சொல்லவில்லை. போர்வையைப் போர்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று வழக்கம்போல் ஊருக்கு அஞ்சலட்டையும் எழுதிப் போட்டார். மற்றவர் உண்மையை அறிந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது காலம் கடந்திருந்தது. தந்தி முதல் நாள் ஊரை அடைந்தது. நலம் என்று எழுதிய அஞ்சலட்டை மறுநாள் அடைந்தது.

"அந்தக் கார்டை அவங்கம்மா ரொம்ப நாள் வச்சிருந்தாங்க" என்றார் அண்ணாச்சி. அதன்பின் அவர் ஒன்றும் கூறவில்லை.

மும்பைக்கு வந்த நம் முன்னோர் ஊருக்கு எழுதிய கடிதங்களை ஒருங்கே திரட்டினால், அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் சொல் 'நலம்' என்பதாகவே இருக்கும். தாராவித் தோல் பட்டறையிலிருந்தும், மாதுங்காவின் மெஸ் அறையிலிருந்தும், செம்பூரின் ஒற்றை அறைக் குடியிருப்பிலிருந்தும் எழுந்த சொல் அது. பணவிடைத் தாளின் அடியில் செய்தி எழுதவென விட்டிருந்த சிறிய இடத்திலும் அதுவே இடம்பெற்றது. அது பொய்யா? பொய் என்று கடிந்துரைக்க மனம் எழவில்லை. எனினும் மெய் என்று கொள்ளவும் இயலவில்லை.

வள்ளுவர் வாய்மைக்குத் தனி அதிகாரம் வகுத்து, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று இலக்கணம் கூறினார். அடுத்த குறளிலேயே, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று ஒரு விலக்கும் அமைத்தார். நலம் என்று எழுதியவர் எல்லாரும் இவ்விலக்கின் நிழலில் ஒதுங்கியவர்களே. ஊரிலுள்ள தாய் வருந்தலாகாது என்பது நல்லெண்ணம். ஆனால் வள்ளுவர் வெறும் நன்மை என்று கூறி நிறுத்தவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்று வரையறுத்தார். இன்று ஒரு கவலையைத் தவிர்த்து, நாளை ஆற்றொணாத் துயரைக் கொடுக்கும் மறைப்பில் குற்றம் நீங்கியதாகக் கொள்ள முடியுமா? தொலைவிலிருப்போர் உதவக்கூடிய காலத்தில் அவர்களுக்குத் தெரிவியாமல், உதவ இயலாத காலத்தில் தெரியச் செய்வது அன்பின் பெயரால் இழைக்கப்படும் கொடுமையன்றோ?

மறைப்பதற்கு மற்றொரு காரணம் உண்டு. அது விலக்கப்படுவோம் என்னும் அச்சம். தென்துருவப் பயண வரலாறு இதற்குச் சான்று பகரும். ஆங்கிலேயத் தளபதி ஸ்காட்டின் குழுவில் உடல்வலிமைக்குப் பெயர்பெற்றவர் எட்கர் எவன்ஸ். 1911 டிசம்பர் இறுதியில் சறுக்குவண்டிகளைச் செப்பனிடும்போது அவர் கையில் வெட்டுக்காயம் ஏற்பட்டது. இறுதிக் குழுவினின்று நீக்கப்படுவோமோ என அஞ்சி அதை அவர் தலைவரிடம் அப்போது கூறாது மறைத்தார் என்பர். 1912 ஜனவரித் தொடக்கத்தில் கடைசித் துணைக்குழு திரும்பிச் சென்றது. ஐவர் மட்டும் துருவத்தை நோக்கி நடந்தனர். ஜனவரி 17 ஆம் நாள் துருவத்தை அடைந்தபோது நார்வே நாட்டு அமுண்ட்சென் தமக்கு முன்னரே வந்து சென்றதைக் கண்டனர். திரும்பும் வழியில், பிப்ரவரி 17 ஆம் நாள் எவன்ஸ் உயிர் நீத்தார். அக்காயம் ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் அது ஆறாமல் அவரை நலிவித்தது உண்மை. அடுத்த மாதத்தில், உறைபனியால் கால் கெட்டு நடக்க மாட்டாத ஓட்ஸ் என்பவர், பிறர்க்குச் சுமையாதல் கூடாதென்று கூடாரத்தைவிட்டுப் பனிப்புயலுக்குள் தாமே நடந்து மறைந்தார். உலகம் அவரை வீரர் எனப் போற்றியது, போற்றத் தக்கவரே. ஆனால் பின்னாள் தியாகத்தினும் முன்னாட் சொல் மேலானது என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. துணைக்குழு திரும்பு முன்னர் ஒரு சொல் சொல்லப்பட்டிருந்தால், குறைந்தது ஒருவரேனும் உயிரோடு திரும்பியிருக்கக் கூடும்.

இதுகாறும் கூறியவற்றால், தளர்ச்சியை வெளியிடுதல் ஒருவன் தன் துணைவர்க்குப் பட்ட கடன் என்பது பெறப்படும். மறைப்பவன் தன்னை மட்டும் இடருக்கு உட்படுத்துவதில்லை. அறியாது உடன் வருவோரையும் உட்படுத்துகிறான். அவர்கள் முடிவெடுப்பதற்கு வேண்டிய செய்தியை அவர்களிடமிருந்து பறிக்கிறான். ஆயின், கடன் ஒருபுறத்ததன்று. இங்கேதான் வினாவின் மறுபாதி எழுகிறது.

முடியவில்லை என்று சொன்னவனுக்கு நேர்ந்ததை முன்பு பார்த்தவன் எப்படிச் சொல்வான்? எள்ளி நகையாடப்பட்டதை, அடுத்த முறை அழைக்கப்படாததை, கூலி வெட்டப்பட்டதை அவன் கண்டிருக்கிறான். மெய் சொன்னதற்குத் தண்டனை விதிக்கும் கூட்டத்திற்கு மெய்யை எதிர்பார்க்கும் உரிமை இல்லை. அரிச்சந்திரன் கதையிலேயே நாம் எண்ணத் தவறும் ஒன்றுண்டு. அவன் வாய்மைக்கு அவ்வளவு விலை ஏன் வந்தது? அவனைச் சூழ்ந்திருந்த உலகம் அவ்விலையைக் கேட்டது. ஒவ்வொரு எளியவனும் அரிச்சந்திரனாக உயர்ந்தால்தான் மெய் பேச முடியும் என்ற நிலையை வைத்துக்கொண்டு, மெய் அருகிவிட்டதே என்று வருந்துவது வீண். அரிச்சந்திரனல்லாதவனும் மெய் பேசக்கூடிய வகையில் அதன் விலையைக் குறைப்பதே உடனிருப்போர் செய்ய வேண்டிய அறம்.

இதற்கு நாம் தொலைவில் தேடவேண்டுவதில்லை. 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஒருவர் தோள் மற்றவர் தோளை உரசும் சந்துகள். பலர்க்கும் பொதுவான கழிப்பறைகள். காய்ச்சல் என்று சொன்னால் கொண்டுபோய்விடுவார்கள், அக்கம்பக்கத்தார் ஒதுக்குவார்கள் என்னும் அச்சம் இயல்பாகவே இருந்தது. மாநகராட்சிப் பணியாளரும் அப்பகுதி மருத்துவர்களும் வீடுவீடாகச் சென்றனர். காய்ச்சல் முகாம்கள் நடத்தினர். பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தனிமைப்படுத்தும் இடம், உணவு, மருந்து ஆகியவற்றை அமைத்தனர். அவ்வாண்டு ஜூலையில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். நோயை மறைக்காதே என்று அறிவுரை கூறுவது எளிது. மறைக்காதவனுக்குச் சோறும் படுக்கையும் உண்டு என்று காட்டுவதே அவ்வறிவுரைக்கு உயிர் கொடுப்பது.

வலியவர்க்கு இவ்வறம் எளிதில் புலப்படாமைக்கு ஒரு காரணமும் உண்டு. கொங்கண் கடாவின் விளிம்பில் மழைக்காலத்தில் ஒரு விந்தை தோன்றுவதுண்டு. முதுகின் பின்னே கதிரவனும், கீழே பள்ளத்தில் மூடுபனியும் இருக்குமாயின், பனியின்மேல் வட்ட வடிவான வண்ண வளையம் தெரியும்; அதன் நடுவே பார்ப்பவருடைய நிழல் விழும். அருகே நிற்பவர் காண்பதும் வளையமே. ஆனால் அவர் காணும் வளையத்தின் நடுவில் இருப்பது அவருடைய நிழலே. ஒவ்வொருவரும் தம்மையே நடுவில் காண்பது ஒளியின் இயற்கை. நம் மனத்தின் இயற்கையும் அதுவே. விரைந்து நடப்பவன் தன் நடையையே வழியின் நடை என்று கருதுகிறான். தளர்ந்தவன் தன் தளர்ச்சியை எல்லாரும் கண்டு இகழ்வதாகக் கருதுகிறான். இரண்டும் அவரவர் வளையமே.

எங்கள் வழிகாட்டி இளைஞர் கல்லாமலே இதை அறிந்திருந்தார். ஏறும்போது அவர் எவரையும் "முடிகிறதா?" என்று வினவவில்லை. அவ்வினாவிற்கு ஆண்மகன் எவனும் முடியவில்லை என்று விடை கூறான். தாமே அங்கங்கு நின்றார். ஒரு செடியைக் காட்டினார். தண்ணீர் குடியுங்கள் என்றார். முன்னே செல்லாமல் பெரும்பாலும் இறுதியில் வந்தார். மெல்ல நடப்பவரை முதலில் விட்டார். அண்ணாச்சி பாறைமேல் அமர்ந்தபோது அவர் முகத்தில் வியப்பு இல்லை. எனினும், குறிப்பறிதல் ஒன்றே போதும் என்று கொள்ளலாகாது. பிறன் முழங்காலின் வலியை வெளியிலிருந்து முழுதும் அறிய வல்லார் இல்லை. நிற்பதற்கு இடம் அமைத்தவர் அவர். சொல்லைச் சொல்லியவர் அண்ணாச்சி. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஐவரும் இடரின்றிக் கூடாரம் சேர முடிந்தது.

நம் இல்லங்களுக்கும் இதுவே பொருந்தும். ஊரிலுள்ள முதிய பெற்றோர் தொலைபேசியில் நலம் என்றே கூறுகின்றனர்; நாமும் நலம் என்றே விடையளிக்கிறோம். தேர்வில் பின்தங்கிய மகன் வாய் திறவான். அலுவலகத்தையும் அடுக்களையையும் ஒருங்கே சுமக்கும் இல்லத்தரசி, களைப்பாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். சொல்லாதவரைக் குறை கூறுமுன், நாம் கடைசியாக ஒருவர் தம் இயலாமையைச் சொன்னபோது எவ்வாறு நடந்துகொண்டோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம். அன்று நாம் முகம் சுளித்திருந்தால், இன்று அவர்கள் கூறும் 'நலம்' நாம் கற்பித்ததே.

பொருள் தேடிப் பிறமொழி பேசும் ஊருக்கு வந்து, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வாழும் நமக்கு வழித்துணையினும் பெரிய செல்வம் இல்லை. துணைவனிடம் நம் வலிமையைக் காட்டுவது எளிது. மெலிவைக் காட்டுவதே நம்பிக்கை. அதைக் கேட்டு நடையைக் குறைப்பவனே துணைவன். சொல்பவனுக்குத் துணிவும் கேட்பவனுக்குப் பொறுமையும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாய்மை நிலைபெறாது.